புதுப்பிப்பு: வரி போட்ட அந்தக் கல், கல்மரம்தான்

பழுப்பு வரிகள் கொண்ட கல் ஒன்றைக் காட்டி, இது கல்மரமா (கல்லாக மாறிய பழங்கால மரம்), ஜாஸ்பரா (மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருளால் ஆன ஒருவகைக் கல்) என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கல்மரம்தான்.

“பக்கவாட்டை விடுங்கள், குறுக்கு முனையைப் பாருங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. பக்கவாட்டு வரிகள் ஜாஸ்பரிலும் ரையோலைட் என்ற எரிமலைப் பாறையிலும்கூட உண்டு. அவற்றை நம்பிப் பயனில்லை. முனையைத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயுமுன் 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். ஊசியால் குத்தியதுபோல் வரிசையாக நுண்துளைகள். அவற்றுக்கிடையே உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய கதிர்க்கோடுகள். வெறும் பாறையில் இந்தத் திசு அமைப்பு இருக்காது.

பலரும் சொன்ன கீறல் சோதனை இங்கே உதவவில்லை. எஃகுக் கத்தி கீறவில்லை, சரி. ஆனால் சிலிக்காவாக மாறிய மரம், ஜாஸ்பர் இரண்டுக்குமே கடினம், 1 முதல் 10 வரையிலான மோஸ் அளவுகோலில், ஏறத்தாழ 7தான்; கத்தி இரண்டையுமே கீறாது.

எதிர்பாராதது ஒன்று: வினிகர் விட்டதும் ஒரு வெடிப்பில் மட்டும் நுரைத்தது. அதில் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம்) படிந்திருக்கிறது. நுரையைக் கண்டதும் சுண்ணாம்புக்கல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முழுக்கக் கால்சைட்டாக மாறிய கல்மரமும் உண்டு.

எந்த மரம் என்று அறிய, மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அறுக்க மனம் வரவில்லை.