ஒட்டிய தமிழ் உரையில் உடையும் வரிகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பழைய தமிழ்ப் புத்தகங்களின் பிடிஎஃபிலிருந்து உரையை எடுத்து நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற உரைத்திருத்தியில் ஒட்டித் திருத்தி வருகிறேன். அச்சில் வரி முடிந்த இடத்திலெல்லாம் ஒட்டிய உரையிலும் வரி முறிந்தே வரும். வழக்கமான வழி பலருக்கும் தெரிந்ததுதான். இரட்டை வரிமுறிவை ### போல ஏதாவது ஒரு குறியாக்கி, ஒற்றை முறிவை இடைவெளியாக்கி, அப்புறம் அந்தக் குறியை மறுபடி பத்தி முறிவாக்க வேண்டும்.

தமிழில் இது பாதி வேலைதான் செய்கிறது. நம் அச்சில் வரி ஓரத்தில் சொல் உடைந்தால் பெரும்பாலும் இணைப்புக்கோடு இருக்காது. மேல்வரியில் ‘வந்துகொண்’, கீழ்வரியில் ‘டிருந்தான்’. இடைவெளி வைத்தால் சொல் உடைந்தே நிற்கும். வைக்காவிட்டால் தனித்தனிச் சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.

எனக்குக் கைகொடுத்தது பள்ளியில் படித்த மொழிமுதல் எழுத்து விதி. ட, ண, ற, ன, ழ, ள வரிசைகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அவற்றில் ஒரு வரி தொடங்கினால் அது மேல்வரியின் மிச்சம். ஒற்றை முறிவுகளை இடைவெளியாக்கும் முன்பே, இந்த எழுத்துகளுக்கு முன்னால் உள்ள முறிவுகளை மட்டும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவத்தைக் கொடுத்துத் தேடும் முறை) தேடி, இடைவெளி இல்லாமல் சேர்த்தேன். புள்ளி வைத்த மெய்யில் தொடங்கும் வரிகளுக்கும் அப்படியே. டாக்டர், டிக்கெட், ப்ளேக் எல்லாம் நடுவில் மாட்டும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். க, த, ப, ம வரிசையில் உடைந்தவை இந்த வலையில் சிக்காது. அவற்றைக் கண்ணால் படித்தே பிடிக்க வேண்டியிருக்கிறது.

* * *

மொழிமுதல் விதியை இப்படிப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, நன்றி. இரட்டை வரிமுறிவைத் தேடும் உங்கள் முதல் படியிலேயே சிலருக்கு ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வரும். விண்டோஸ் கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகள் உண்டு, அடைப்பில் அவற்றின் குறியெண்: கேரேஜ் ரிட்டர்ன் (13), லைன் ஃபீட் (10). லினக்ஸில் 10 மட்டும்தான். இரண்டு லைன் ஃபீடை அடுத்தடுத்துத் தேடினால் நடுவில் அந்த 13 உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸில் ஒட்டிச் சேமித்த ஒரு பேஷ் ஸ்கிரிப்டை (லினக்ஸ் கட்டளைகள் அடங்கிய கோப்பு) லினக்ஸ் சர்வரில் ஓட்டியபோதுதான் இதை நேரில் பார்த்தேன். ‘பேட் இன்டர்பிரட்டர்’ என்று நின்றுவிட்டது. பிழைச்செய்தி காட்டிய பாதையின் கடைசியில் தொப்பிக் குறியும் (^) ‘எம்’ எழுத்தும்; அந்த 13தான் அப்படித் தெரிந்தது. வரிமுடிவுகளை லினக்ஸ் வகைக்கு மாற்றும் டாஸ்-டு-யூனிக்ஸ் கட்டளையை ஓட்டியதும் சரியானது. அதிலிருந்து எந்த உரையை ஒட்டினாலும் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸின் ‘வியூ’ மெனுவில் ‘ஷோ சிம்பல்’ போய் வரிமுடிவுக் குறிகளைத் தெரிய வைத்துவிடுகிறேன். இரண்டு வகையும் கலந்திருந்தால் ‘எடிட்’ மெனுவின் ‘இஓஎல் கன்வர்ஷன்’ (வரிமுடிவு மாற்றம்) ஒரே வகையாக்கிவிடும்.

* * *

உரைநடைக்கு நடுவே மேற்கோளாக வெண்பா வந்தால் கவனம். அதன் அடிகளும் ஒற்றை முறிவில்தான் நிற்கின்றன. எல்லாவற்றையும் சேர்க்கும்போது நான்கு அடியும் ஒரே வரியாகிவிடும். பாட்டுள்ள இடங்களில் அடிக்கு அடி வேறொரு குறி, @@@ மாதிரி, முதலிலேயே போட்டுவிட்டுத்தான் மற்ற முறிவுகளைத் தொடுகிறேன்.