பில் ஃபேயைக் கைவிட்டது யார்?

நாடாப்பெட்டி:
இங்கிலாந்துப் பாடகர், பாடலாசிரியர் பில் ஃபே 2025 பிப்ரவரியில் 81 வயதில் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் எல்லாம் 'மறக்கப்பட்ட மேதை' என்ற ஒரே பல்லவி. எரிச்சலாக இருக்கிறது. அதுவாகவா மறந்துபோனது? டெராம் நிறுவனம் 1970இல் ஒன்று, 71இல் ஒன்று என இரண்டு இசைத்தட்டு போட்டது. விற்கவில்லை, கைகழுவிவிட்டது. அப்புறம் தோட்ட வேலை, பழம் பறிக்கும் வேலை, துப்புரவு வேலை. அடுத்து ஒரு நிறுவனம் அவரை நம்பி ஸ்டுடியோவுக்குள் அனுப்பியது 2012 ஆல்பத்துக்காகத்தான். நாற்பது வருடம்!

வடகரையான்:
அண்ணே, கம்பெனி என்ன தர்மசத்திரமா? முதல் தட்டுக்கே மைக் கிப்ஸ் இசைக்கோர்ப்பில் பெரிய வாத்தியக்குழு. செலவு இருக்காதா? இரண்டாவதில் ரே ரஸ்ஸலின் கிட்டார் கதறுகிறது, பாட்டெல்லாம் உலக முடிவு. அதை எந்த வானொலி போடும்? இவரோ ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற ஆளும் இல்லை.

நாடாப்பெட்டி:
அதே காலத்து இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கும்தான் மேடையைக் கண்டு ஒதுங்கினார், அவர் தட்டுகளும்தான் விற்கவில்லை. ஐலண்ட் நிறுவனம் மூன்று ஆல்பம் போட்டதே?

வடகரையான்:
அவருக்குப் பின்னால் தயாரிப்பாளர் ஜோ பாய்ட் நின்றார். ஃபேவுக்கு அப்படி யார்?

நாடாப்பெட்டி:
மூன்றாவது வருவதற்குள் பாய்ட் அமெரிக்கா போய்விட்டார் தம்பி. அப்போதும் ஐலண்ட் வெளியிட்டது. மனம் இருந்தால் செய்யலாம்.

மல்லிகா:
நீங்கள் இருவரும் அவரை அநாதைப் பிள்ளையாகவே ஆக்கிவிட்டீர்கள். இரண்டாவது தட்டின் அட்டையில் தாடியும் வெறித்த பார்வையுமாக இருப்பாரே, அதை வைத்தே 'புத்தி பேதலித்துவிட்டது' என்று கதை கட்டினார்கள். மனிதர் வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து பாட்டெழுதிக்கொண்டிருந்தார். 1978 முதல் 81 வரை ஒரு குழுவோடு பதிவும் செய்தார், அது 2005இல்தான் வெளிவந்தது. விற்பதை நிறுத்தியது கம்பெனி. அவர் பாடுவதை நிறுத்தவில்லை.

வடகரையான்:
அக்கா சொல்வது சரி. நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன். புகழ் வந்திருந்தால் இந்தப் பாட்டுகள் இப்படி வந்திருக்குமா?

மல்லிகா:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. அடுத்தவர் வறுமையைக் கலைக்கு உரம் என்பது வயிறு நிறைந்தவர்கள் பேச்சு.

நாடாப்பெட்டி:
இன்னொன்று. அமெரிக்க ராக் குழுவான வில்கோவின் ஜெஃப் ட்வீடி இவர் பாட்டைத் தன் மேடையில் பாடியதால்தான் எங்களைப் போன்ற பலருக்கு இந்தப் பெயரே தெரியவந்தது. 2012இல் பதிவு செய்ய வைத்த ஜோஷுவா ஹென்றி, அப்பாவின் இசைத்தட்டுகளுக்கு நடுவில் ஃபேயைக் கேட்டு வளர்ந்தவர். எல்லாம் ரசிகர்கள் செய்த வேலை. டெராம் செய்தது என்ன?

வடகரையான்:
அந்தத் தட்டை அச்சடித்துக் கடைக்கு அனுப்பியது டெராம்தானே அண்ணே? இல்லாவிட்டால் ஹென்றியின் அப்பா எதை வாங்கியிருப்பார்?

நாடாப்பெட்டி:
அச்சடித்ததற்கு நன்றி. மூன்றாவதையும் அச்சடித்திருக்கலாம்.