புளியங்கொட்டைக் கணக்கு: வேலை செய்யுற இடத்துல கிறிஸ்தவனா இருந்த அனுபவம் எழுதுங்க

போச்சம்பள்ளி மாங்கொட்டை:

சாட்சிக் கூட்டத்துல சொல்ற மாதிரி கதை வேண்டாம். "கடன்ல இருந்தேன், ஜெபிச்சேன், வீடு கட்டிட்டேன்" வகையறா நிறையக் கேட்டாச்சு. திங்கக்கிழமை காலைல மண்டி, கடை, கம்பெனின்னு போனப்புறம் நாம யாருன்னு நமக்கே தெரிஞ்சுபோன சம்பவம் ஏதாவது இருந்தா எழுதுங்க. முதல்ல நான் எழுதறேன். இதுல ஹீரோ நான் இல்ல.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்காய் மண்டியில ஒன்பது வருஷம் கணக்கு எழுதினேன். மே கடைசியில இருந்து ஜூலை வரைக்கும் பெங்களூரா வரத்து. கிளிமூக்குன்னும் சொல்லுவாங்களே, அதான். பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்குப் போற காய். பகல் ராத்திரி தெரியாது. அழுகல், அடிபட்டதுக்குக் கழிவு போடறது நியாயம்தான், விவசாயிக்கும் தெரியும். ஆனா கழிவுக்கு மேல ஒரு கழிவு இருக்கு. எங்க முதலாளி ஒருநாளும் "ஏமாத்து"ன்னு சொன்னதில்ல. "பார்த்து எழுதுப்பா"ன்னுதான் சொல்லுவார். அந்த "பார்த்து"வுக்கு என்ன அர்த்தம்னு சேர்ந்த ரெண்டாவது வாரமே தெரிஞ்சிடும்.

மத்தூர் பக்கத்துல இருந்து ஒரு பாட்டி வருவாங்க. எழுதப் படிக்கத் தெரியாது. வண்டியில இருந்து ஒவ்வொரு கிரேட் (மாங்காய்ப் பெட்டி) இறங்கும்போதும் ஒரு புளியங்கொட்டைய எடுத்து மடியில போட்டுக்குவாங்க. 2022 சீசன்ல ஒருநாள் இறக்கி முடிஞ்சதும் மடிய அவுத்து எண்ணினாங்க. 74. என் சீட்டுல 71. அந்த மூணும் நான் "பார்த்து" எழுதினது. சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன். கொட்டைய மறுபடி ஒரு தரம் எண்ணிட்டு, "எனக்குக் கண்ணு சரியில்ல சாமி. நீ சர்ச்சுக்குப் போற புள்ள, நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லி மூணு கொட்டைய எடுத்துக் கீழ போட்டுட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலன்னு எழுதினா பொய். நல்லாத் தூங்கினேன், சீசன் அசதி அப்படி. ஞாயித்துக்கிழமை ஆராதனையில உக்காந்திருந்தப்பதான் சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கின வசனம் ஞாபகம் வந்துச்சு. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." நீதிமொழிகள் 11:1. அந்த டிபன் பாக்ஸ் இன்னும் வீட்டுல இருக்கு.

மூணு கிரேட், சுமார் 60 கிலோ, அன்னிக்கு ரேட் 12. மொத்தம் 720 ரூபாய். பைபிள்ல வர்ற வரி வசூல்காரன் சகேயு, ஏமாத்தி வாங்கினதை நாலத்தனையாத் திருப்பித் தர்றேன்னு சொன்னான். எனக்கு ஒரு மடங்குக்கே கை வரல. ரெண்டு வாரம் தள்ளி, போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமைச் சந்தையில பாட்டி கொள்ளு வித்துக்கிட்டிருந்த இடத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். அழுவாங்க, ஆசீர்வாதம் பண்ணுவாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு எதிர்பார்ப்பு இருந்துச்சு, மறைக்கல. அவங்க நோட்டை எண்ணி சுருக்குப்பையில போட்டுட்டு என்னை நிமிந்து பார்த்துக் கேட்டாங்க: "அப்போ போன வருசத்துது?"

இன்னும் பதில் சொல்லல. அடுத்த சீசனுக்கு அந்த வேலைக்குப் போகல. மனசாட்சிக்காக விட்டேன்னு சொன்னா நல்லா இருக்கும், சம்பளமும் பத்தல.

ராயக்கோட்டை ரோடு:

அண்ணா, அந்த மூணு கொட்டைய அவங்களே கீழ போட்டாங்க பாருங்க, அங்க நான் ஃபோனைக் கீழ வெச்சுட்டேன்.

என்னோடது தக்காளி. 2023 ஏப்ரல்ல ஓசூர்ல மெஸ் நடத்துற ஒருத்தருக்கு தினம் ரெண்டு கிரேட், கிலோ 12 ரூபாய், ஆடி முடியிற வரைக்கும்னு வாய்ப்பேச்சு. சீட்டு, கையெழுத்து ஒண்ணும் இல்ல. ஜூலையில என்ன நடந்துச்சுன்னு நாடே பார்த்துச்சு, சில்லறையில கிலோ 100 தாண்டிச்சு. பாலக்கோடு மண்டியிலயும் எங்க ராயக்கோட்டை மண்டியிலயும் வெளிமாநில வியாபாரிங்க வண்டியோட காத்துக் கிடந்தாங்க. நான் 12 ரூபாய்க்கு அனுப்பிக்கிட்டிருந்தேன்.

சங்கீதம் 15 எங்க அப்பாவுக்கு உயிர். "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்." வீட்டுல அதை எடுத்துச் சொன்னேன். எங்க வீட்டம்மா, "அதை எழுதினவருக்குத் தக்காளித் தோட்டம் இருந்துச்சா?"ன்னு கேட்டா. தாவீது ஆடு மேய்ச்சவர்னு சொன்னேன். அதுக்கு அவ சொன்னதை இங்க எழுத முடியாது.

19 நாள் தாக்குப்பிடிச்சேன். 20ஆம் நாள் நானே ஃபோன் பண்ணி, "அண்ணே, முடியல"ன்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நானே கேட்டிருக்கணும், வாய் வரல"ன்னார். 40 ரூபாய்க்குப் பேசி முடிச்சோம். நான் வாக்கு தவறினேனா இல்லையா, இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல. இங்க யாராவது சொல்லுங்க.

ஓசூர் பி ஷிப்ட்:

பிரதர், நீங்க சொல்லாம நிறுத்தியிருந்தாதான் தவறினது. கேட்டீங்க, அவர் ஒத்துக்கிட்டார். அவ்வளவுதான்.

நான் சிப்காட்ல ஒரு கம்பெனியில கடைசி இன்ஸ்பெக்‌ஷன் பாக்குறேன். அளவு கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு லாட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" எல்லாம் அப்ப ஞாபகம் வரல. பயம்தான் வந்துச்சு. போடல. வேற ஒருத்தர் போட்டார், லாட் வெளிய போயிடுச்சு. வானமும் இடியல. அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் கம்மி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு நிரூபிக்க முடியாது. அதுல இருந்து லைன்ல என் பேரு "பாதிரி". நான் போனா பேச்சை நிறுத்திடறாங்க. உண்மையச் சொல்லணும்னா இன்கிரிமென்ட்டை விட இதுதான் கஷ்டமா இருக்கு. டீ பிரேக்ல தனியா நிக்கிறேன்.

கோவிலூர் அக்கா:

பி ஷிப்ட் தம்பி, தனியா டீ குடிக்கிறது எனக்கும் பழக்கம். நான் கத்தோலிக்கம், சொந்த ஊர் கோவிலூர். சேலத்துல இருந்து பிரிச்சு தருமபுரி மறைமாவட்டம் 1997ல உருவானப்ப பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தேன். இப்போ ஒரு மருத்துவமனையில பிரசவ வார்டு நர்ஸ். எந்த இடம்னு கேக்காதீங்க.

குழந்தை பிறந்ததும் சேதி சொல்றதுக்குக் காசு கேக்கிற வழக்கம் இருக்கு. ஆம்பளப் புள்ளைக்கு ஒரு ரேட், பொம்பளப் புள்ளைக்கு ஒரு ரேட். நான் வாங்கறதில்ல. வாங்காததுல பெருமை இல்ல, எங்க வீட்டுல ரெண்டு சம்பளம். வாங்குற ஆயாம்மாவுக்கு ஒப்பந்தச் சம்பளம், அதுவும் மாசம் தவறி வரும். நான் வாங்கலன்னு தெரிஞ்சா ஜனங்க அவங்களையும் கேள்வி கேக்கறாங்க. அதனால அவங்களுக்கு என் மேல கோபம். அந்தக் கோபத்துல நியாயம் இல்லன்னு என்னால சொல்ல முடியல. மாசக் கடைசியில அவங்க பொண்ணு டியூஷன் ஃபீஸ் நான் கட்டறேன். அது பரிகாரமா, பாசமா, எனக்கே தெரியல.

எனக்கு உறுத்தற விஷயம் அந்த ரெண்டு ரேட். இந்த மாவட்டத்துப் பழைய கதை உங்களுக்கே தெரியும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல சேலத்துல தொடங்கி, 2001ல நம்ம தருமபுரிக்கும் வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு யோசிங்க. கள்ளிப்பால் காலம் போயிடுச்சுன்னு நாம சொல்லிக்கலாம். ஆனா பொண்ணுன்னு சொன்னதும் வராண்டாவுல விழுற அந்த அமைதி போகல. அப்போ நான் ஒண்ணு பண்றேன். பொம்பளப் புள்ளைன்னா முதல்ல அப்பன் கையிலதான் குடுப்பேன், பாட்டி கையில இல்ல. "உங்க மூக்கு அப்படியே இருக்கு"ன்னு சொல்லுவேன். பாதி நேரம் பொய்தான். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட அதையும் சொன்னேன், அவர் சிரிச்சுட்டார்.

என் பையில இருந்து மிட்டாயும் குடுப்பேன். ஒரு தடவை ஒரு மாமியார் மிட்டாயைத் தரையில போட்டுட்டாங்க. மூணாவது பொண்ணு அது. நான் குனிஞ்சு பொறுக்கினேன். அந்தப் பையன், அப்பன்காரன், கூடவே குனிஞ்சு ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கிட்டான். ஒரு வார்த்தை பேசல.

பாப்பாரப்பட்டியான்:

நான் கிறிஸ்தவன் இல்லைங்க, உள்ள வரலாமா?

எனக்கு ரெண்டு கிறிஸ்தவர்களைத் தெரியும். ஒருத்தர் பழைய முதலாளி. கார் கண்ணாடி முழுக்க வசனம். டிசம்பர்ல எல்லாருக்கும் கேக், ஜனவரியில மூணு மாசச் சம்பளப் பாக்கி. இன்னொருத்தர் தருமபுரியில எங்க வீட்டுக்காரம்மா. 2020 லாக்டவுன்ல நாலு மாசம் வாடகை கேக்கல. அதைக்கூட விடுங்க, நிறையப் பேர் செஞ்சாங்க. எங்க அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்த 48 நாளும் அந்தம்மா வீட்டுல மீன் குழம்பு வைக்கல. ஒரே மாடிப்படி, வாசனை எங்க வீட்டுக்கு வரும்னு. அதை அவங்க எங்ககிட்டச் சொல்லவே இல்ல. அவங்க பேரன்தான் உளறினான், "தாத்தா மாலை எப்போ கழட்டுவாரு, எனக்கு மீன் வேணும்"னு.

தருமபுரி பழக்கடை:

மாங்கொட்டை அண்ணனுக்கு: நீங்க அனுப்புற மாங்காய் பழமாகி வர்ற இடத்துல நான் இருக்கேன். கால்சியம் கார்பைடு வெச்சுப் பழுக்க வைக்கிறது 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளிலயே தடை. எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரைக்கும் அனுமதி. நான் அந்த கார்பைடு கல் வைக்கிறதில்ல. விளைவு, என் செந்தூரா அங்கங்க பச்சையா இருக்கும், பக்கத்துக் கடையில மஞ்சப் பூசின மாதிரி மின்னும். ஜனங்க அங்கதான் போறாங்க, சர்ச் ஜனங்களும் சேர்த்துத்தான். எங்க பாஸ்டர் வீட்டம்மாவையும் அங்க பார்த்தேன். கும்பிட்டேன், அவங்களும் கும்பிட்டாங்க.

பெயர் வேண்டாம்:

எல்லாரும் வெளிய நடந்ததை எழுதறீங்க. நான் உள்ள நடந்ததை எழுதறேன்.

எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல நடுவுல ஒரு வேலி இருந்துச்சு. யாருக்கு எந்தப் பக்கம்னு சொல்லத் தேவையில்ல. 1950 பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறிஸ்தவன் ஆனா பட்டியல் சாதி இல்லன்னு அரசாங்கம் சொல்லுது. கல்லறையில மட்டும் நாங்க மறுபடி அதே ஆளுங்க ஆயிடறோம்.

எங்க பாட்டி செத்தப்ப மழை. தூக்க ஆள் பத்தல. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர், அறுபது வயசுக்கு மேல இருக்கும், செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு வந்து தோள் குடுத்தார். வீட்டுல இருந்து குழி வரைக்கும். அதுக்கப்புறம் அவர் சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம் ரெண்டுக்கு அவருக்குப் பத்திரிகை வரலன்னு கேள்விப்பட்டேன். வேலிய இன்னும் எடுக்கல. அதனால இதை நல்ல கதைன்னு யாரும் லைக் போடாதீங்க.

கோவிலூர் அக்கா:

போடல தம்பி. படிச்சேன்.

ராயக்கோட்டை ரோடு:

மாங்கொட்டை அண்ணா, பாட்டிக்குப் பதில் சொன்னீங்களா?

போச்சம்பள்ளி மாங்கொட்டை:

இதை எழுதித் தொலைச்சதுல இருந்து அதே நினைப்புதான். மண்டிக் கணக்கு நோட்டு முதலாளிகிட்ட இருக்கும், ஆனா தினம் ராத்திரி சரிபாக்க நான் தனியா ஒரு பாக்கெட் நோட்டு வெச்சிருந்தேன். 2021 நோட்டை பரண் மேல தேடி எடுத்தாச்சு, பாதி கரையான். பாட்டி பேருல ஆறு வரவு படிக்க முடியுது. ஆறுலயும் "பார்த்து" எழுதியிருக்கேன். எல்லாம் சேர்த்து 14 கிரேட். அரிச்சுப்போன பக்கத்துல எத்தனைன்னு தெரியாது. அதுக்கு அவங்க கொட்டைக் கணக்குத்தான், அவங்க சொல்றதை நம்பிக்க வேண்டியதுதான்.

அப்புறம், அந்த நோட்டுல அவங்க பேரு மட்டும் இல்ல. மத்தப் பேரை எல்லாம் நேத்து எண்ண ஆரம்பிச்சு 31ல நிறுத்திட்டேன்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் சந்தைக்குப் போறேன். பத்து மணிக்குள்ள போகலைன்னா பாட்டி கொள்ளு வித்து முடிச்சுக் கிளம்பிடுவாங்க, அதனால முதல் ஆராதனைக்கே போயிடணும்.