ஏர்சாஃப்ட் ஹை-கேப்பா: உள் பாகங்களை மாற்றியபின் ஸ்லைடு பாதியில் நிற்கிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. டோக்கியோ மருய் ஹை-கேப்பா 5.1 கேஸ் புளோபேக் ஏர்சாஃப்ட் பிஸ்டலை (கேஸ் அழுத்தத்தில் பிளாஸ்டிக் குண்டைச் சுட்டு, அதே கேஸால் ஸ்லைடையும் பின்னால் தள்ளும் விளையாட்டுத் துப்பாக்கி) வைத்து, குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காக எனக்கேற்ற மாதிரி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே முன்னும் பின்னும் ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டேன். கனம் கூடிவிட்டதே, அதற்கு வலுவான ஸ்பிரிங் வேண்டுமே என்று 150 சதவீத ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னால் தள்ளுவது), 200 சதவீத ஹேமர் ஸ்பிரிங் (தட்டும் சுத்தியை இயக்குவது), மேகசினுக்குக் கூடுதல் கேஸ் விடும் ஹை-ஃப்ளோ வால்வு, 6.03 மி.மீ. உள்விட்ட இன்னர் பேரல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். கேஸ் மட்டும் பழைய 134ஏ (குளிர்பதன வாயு) தான். முதல் நாலைந்து குண்டு சரியாகப் போகிறது, அப்புறம் ஸ்லைடு பாதி வழி போய்த் திரும்பிவிடுகிறது, அடுத்த குண்டு ஏறுவதில்லை. கடைசிக் குண்டுக்குப் பிறகு பின்னால் பூட்டி நிற்பதும் இல்லை. நேற்று இரண்டு தடவை விசையை அழுத்தியதும் மேகசினில் இருந்த கேஸ் மொத்தமும் புஸ்ஸென்று வெளியே போய்விட்டது. வால்வு பழுதா? வேறு வாங்கட்டுமா?

பதில் 1:
வாங்காதீர்கள், வால்வு நன்றாகத்தான் இருக்கும். ஹேமர் விழும்போது அதற்கு முன்னால் இருக்கும் நாக்கர் தள்ளப்பட்டு, மேகசின் வால்வைத் திறந்து, அப்படியே பூட்டிக்கொள்ளும். ஸ்லைடு பின்னால் வந்து ஹேமரை மறுபடி மடக்கும்போதுதான் அந்தப் பூட்டு விடுபட்டு வால்வு மூடும். உங்கள் ஸ்லைடு அதுவரை வந்து சேரவில்லை, அதனால் வால்வு திறந்தபடியே நின்று கேஸ் கொட்டுகிறது.

ஏன் வந்து சேரவில்லை என்றால், பின்னால் போகிற ஸ்லைடுக்கு இரண்டு வேலை: ரீகாயில் ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும், ஹேமர் ஸ்பிரிங்கை எதிர்த்து ஹேமரையும் மடக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் கடினமாக்கி, ஸ்லைடின் கனத்தையும் கூட்டிவிட்டு, தள்ளுகிற கேஸை மட்டும் அப்படியே விட்டுவிட்டீர்கள். 20 டிகிரி செல்சியஸில் 134ஏ-வின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐந்தரை மடங்குதான், புரொப்பேன் எட்டு மடங்கைத் தாண்டும். அந்த வலுவான ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் புரொப்பேன் கலந்த கிரீன் கேஸை மனதில் வைத்துச் செய்யப்படுபவை.

முதல் நாலைந்து குண்டு போவதற்கும் காரணம் இதுதான். மேகசினுக்குள் திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. வேகமாகச் சுட்டுவிட்டு மேகசினைக் கழற்றி அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். குளிரக் குளிர அழுத்தம் இறங்கும். ஹை-ஃப்ளோ வால்வு ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கேஸை விடுவதால் இன்னும் சீக்கிரம் குளிரும்.

பழைய ஹேமர் ஸ்பிரிங்கை முதலில் திரும்பப் போடுங்கள். அதன் வேலை வால்வைத் திறப்பது, 134ஏ அழுத்தத்துக்குப் பழையதே தாராளம். 200 சதவீதத்தால் விசையும் கனத்திருக்குமே, குறிப் பயிற்சிக்கு அது நல்லதே இல்லை. ஒரு பாகம் மாற்றி, ஒரு மேகசின் சுட்டுப் பார்த்து, அதற்குப் பிறகு அடுத்ததைத் தொடுங்கள். இன்னொன்று, சதவீதத்தை நம்பி வாங்காதீர்கள், ஒரு தயாரிப்பாளரின் 150-உம் இன்னொருவரின் 150-உம் ஒன்றல்ல.

பதில் 2:
ஸ்பிரிங் மாற்றும் முன் உராய்வைப் பாருங்கள் நண்பரே. மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பேரலும் ரீகாயில் ஸ்பிரிங்கும் இல்லாமல் ஸ்லைடை மட்டும் ஃபிரேமில் ஏற்றிச் சாய்த்தால், தன் கனத்திலேயே வழுக்கி வர வேண்டும். எங்காவது தயங்கினால் ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தில் மார்க்கர் மையைத் தடவி இருபது தடவை முன்னும் பின்னும் இழுங்கள், மை அழிந்த இடம்தான் உரசும் இடம். 2000 நம்பர் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கலாம். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது, அவசரம் வேண்டாம்.

ஸ்லைடுக்குள் இருந்து குண்டைப் பேரலுக்குள் தள்ளும் நாசிலையும் முன்னால் இழுத்து விடுங்கள், சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் பிஸ்டன் ஓ-ரிங் காய்ந்திருக்கும் அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு போதும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

பதில் 3:
பேரலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 6.03 இந்தக் கோளாறுக்குக் காரணம் இல்லை. குண்டு சுமார் 5.95 மி.மீ., இடைவெளி குறைவு, அதனால் உள்ளே துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். குறி சிதறினால் முதலில் குண்டுக்குப் பின்சுழற்சி தரும் ஹாப்-அப் ரப்பரைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஒரு பக்கம் கூடுதலாக அழுத்தினால் எந்தப் பேரலும் காப்பாற்றாது.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இடது பக்கத் தண்டவாளத்தின் பின்முனையில் அரை விரல் அகலத்துக்கு மை அழிந்திருந்தது. தேய்த்தேன், இப்போது சாய்த்ததும் ஸ்லைடு தானாக வருகிறது. பழைய ஹேமர் ஸ்பிரிங்கைப் போட்டதும் கேஸ் கொட்டுவது நின்றுவிட்டது, ஆனால் இருபது குண்டுக்கு மேல் ஸ்லைடு இன்னும் தளர்கிறது. கிரீன் கேஸுக்கு மாறிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். மருய் இதை 134ஏ-வுக்கும், குண்டின் ஆற்றலுக்கு ஜப்பான் சட்டம் வைத்த 0.98 ஜூல் வரம்புக்கும் வடிவமைத்தது. உள்ளே நாசில் இன்னும் பிளாஸ்டிக், கிரீன் கேஸ் அழுத்தத்தில் அது விரிசல் விடலாம். ரீகாயில் ஸ்பிரிங்கையும் பழையதற்கே மாற்றுங்கள். ஸ்லைடு முன்னால் முழுதாக மூடாமல் நின்றால் மட்டும் ஒரு படி வலுவானதுக்குப் போங்கள்.

கேட்டவர்:
மாற்றினேன். 31 குண்டும் போய் ஸ்லைடு பின்னால் பூட்டி நின்றது, மூன்று மேகசின் தொடர்ந்து. முழுதாக மூடவும் மூடுகிறது. ஹை-ஃப்ளோ வால்வைக் கழற்றிப் பழையதைப் போட்டு நாளைக்குச் சுட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.