பட்டா நிலத்துச் சந்தன மரத்தை நானே வெட்டலாமா?

ஆலங்காயம் விவசாயி:
எங்கள் பட்டா நிலத்து வேலியோரம் குருவி போட்ட விதையில் தானாக முளைத்த சந்தன மரம். இப்போது தொடைப் பருமன். போன வாரம் யாரோ முழங்கால் உயரத்தில் துளை போட்டு வைரம் (மணமுள்ள நடுக்கட்டை) ஏறியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. வியாபாரி ஒருவர் ரொக்கம் தருகிறேன் என்கிறார். திருட்டுப் போவதற்குள் வெட்டி விற்றுவிடலாமா?

மலையடிவாரம்:
வேண்டவே வேண்டாம் அண்ணா. மரம் உங்களுடையதுதான், ஆனால் நீங்களே வெட்டினால் வழக்கு. 2008 பட்டா நிலச் சந்தன மர விதிகளின்படி மாவட்ட வன அலுவலரிடம் மனு கொடுங்கள். வனத்துறையே வெட்டி, கிடங்கில் ஏலம் விட்டு, உங்கள் பங்கைத் தரும். நமக்குத் திருப்பத்தூரிலேயே சந்தனக் கிடங்கு இருக்கிறது.

தோட்டக்காரர்:
வனத்துறையினர் மரத்தை அளவெடுக்கும்போது கூடவே நில்லுங்கள். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும், வேரில்தான் எண்ணெய் அதிகம். பணம் வரத் தாமதமாகலாம், மனு நகலைப் பத்திரமாக வையுங்கள்.

ஆலங்காயம் விவசாயி:
சரி, நாளைக்கே மனு கொடுக்கிறேன். துளை போட்டதையும் அதில் எழுதவா?

மலையடிவாரம்:
கட்டாயம் எழுதுங்கள். அப்புறம் காவல் நிலையத்திலும் தனியாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். நாளை மரம் காணாமல் போனால் உங்கள் மேல் சந்தேகம் வரக்கூடாது.