மறு: ‘நெர்வஸ் பிரேக்டவுன்’ – மனமுறிவா, வேறு சொல்லா?

வணக்கம்.

> ‘பிளாக் ஸ்வான்’ படத்துக்கு விமர்சனம் எழுதுகிறேன். நாயகியின் நெர்வஸ் பிரேக்டவுனுக்கு ‘மனமுறிவு’ போடலாமா, ‘நரம்புத் தளர்ச்சி’யே போதுமா?

மன அழுத்தம் தாங்காமல் ஒருவர் நிலைகுலைந்துபோவதைத்தான் ஆங்கிலத்தில் நெர்வஸ் பிரேக்டவுன் என்கிறார்கள். இதற்கு நரம்புத் தளர்ச்சியை முதலில் கழித்துவிடலாம். பேருந்து நிலையச் சுவரொட்டிகளும் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியர்களும் அந்தச் சொல்லை எப்போதோ குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். பாலே ஆடும் பெண்ணுக்கு அதைப் போட்டால் வாசகர் சிரித்துவிடுவார்.

மனமுறிவில் எனக்கு இரண்டு சிக்கல். வாய்விட்டுப் படித்தால் பலர் காதில் அது மணமுறிவு என்றுதான் விழும். நாயகி நினாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை! அடுத்தது, முறிவு ஒரு நொடியில் நடப்பது. கிளை முறிகிறது, எலும்பு முறிகிறது. இந்தப் படத்தில் எந்த இடத்தில் அவள் முறிந்தாள் என்று காட்டுங்கள் பார்ப்போம். ‘ஸ்வான் லேக்’ என்ற பாலேயில் அவளுக்கு நாயகி வேடம். வெள்ளை அன்னம் அவளுக்குக் கைவந்த ஆட்டம். கருப்பு அன்னம்தான் வசப்படவில்லை. இரண்டையும் ஒருத்தியே ஆடியாக வேண்டும். முதுகில் ஒரு கீறல் தெரிகிறது, அம்மா நகத்தை வெட்டிவிடுகிறாள். நினா தன் விரலோரத் தோலைப் பிய்க்கிறாள், அது உரிந்துகொண்டே போகிறது. பிறகு பார்த்தால் எதுவும் ஆகவில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் உருவம் இவள் அசையாதபோது அசைகிறது. இதில் எதையும் முறிவு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு இழையாக விட்டுக்கொண்டே வருகிறது.

அதற்குத்தான் நம்மிடம் ‘நைதல்’ இருக்கிறதே! பலநாள் உடுத்திய வேட்டி நைந்து போகிறது. ‘மனசு நைஞ்சு போச்சு’ என்று வீட்டில் சொல்லாதவர் யார்? துணிக்கும் மனத்துக்கும் ஒரே வினை. ஆகவே என் பரிந்துரை: மனநைவு. வினையாகவும் நன்றாக வரும்: ‘ஒத்திகைக்கு ஒத்திகை நினா நைகிறாள்.’ முறிவை வைத்து இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், நொண்டும்.

> ‘மனச்சிதைவு’ என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் தொல்லை. அது ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்க்கு வழங்கிவிட்டது. நெர்வஸ் பிரேக்டவுன் பேச்சுவழக்கு. எந்த நோயின் பெயரும் அல்ல. படமும் நினாவுக்கு நோய்ப்பெயர் எதுவும் சொல்லவில்லை, நாம் ஏன் சொல்ல வேண்டும்?

சொல் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நிஜ ஆட்டக்காரர் ஒருவரே இருக்கிறார். ரஷ்ய பாலே கலைஞர் நிஜின்ஸ்கி 1919 ஜனவரி 19 அன்று சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல் கூடத்தில் ஆட வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் போரை ஆடிக் காட்டினார். சபைக்கு முன் அவர் ஆடியது அதுதான் கடைசி. சில வாரம் கழித்து சூரிச்சில் அவரைப் பரிசோதித்து, ஸ்கிசோஃப்ரினியா என்று சொன்னவர் சுவிஸ் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். 1908இல் ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லையே உருவாக்கியவர்! அந்தச் சொல்லுக்குள் இருப்பது ‘பிளவுபட்ட மனம்’. ஜப்பானியர் அதை அப்படியே பெயர்த்து வைத்திருந்தார்கள்; நோயாளிகளுக்கு அது இழிவாகிறது என்று 2002இல் மருத்துவர் சங்கமே பெயரை மாற்றியது. நம் ‘சிதைவு’ அதைவிடக் கொடியது என்பேன். அது தனி இழையில் பேச வேண்டியது.

மனமுறிவை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். படத்தின் கடைசியில், அரங்கேற்ற நாளன்று, உடைமாற்றும் அறையில் கண்ணாடி உடைகிறதே, அந்த இடத்துக்கு அது பொருந்தும். அதுவரைக்கும் மனநைவு.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: ‘நைவு’ அவசரத்தில் ‘நெய்வு’ மாதிரி தெரியும், பொருள் நேர் எதிர். சரி, அச்சில் பிழை வந்தால் நெசவாளிகள் மன்னிக்கட்டும்.

சைக்கலாஜிக்கல் டிராமாவை மட்டும் ‘உளவியல் நாடகம்’ ஆக்கிவிடாதீர்கள், நுழைவுச்சீட்டு எங்கே என்று கேட்பார்கள். ‘உளவியல் படம்’ போதும்.