அப்பாவும் தாய்மாமாவும் கட்சியால பேசிக்கிறதில்ல, வர்ற தை மாசம் எனக்கு கல்யாணம்

அப்பா தி.மு.க, மாமா 72ல எம்.ஜி.ஆர் கட்சி ஆரம்பிச்சதுல இருந்து அ.தி.மு.க. ரெண்டு பேரும் ஒரே தெரு, ஒண்ணா படிச்சவங்க. 2021 மே 2, ஞாயித்துக்கிழமை, ஓட்டு எண்ணிக்கைய டிவில பாத்துட்டே எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தோம், அப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டாரு, மாமா பாதி சாப்பாட்டுல எலைய மூடிட்டு எந்திரிச்சு போனவரு தான், அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசல் மிதிக்கல. தாய்மாமன் சீர் அவரு தானே செய்யணும்? எப்படி பேச்சு ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, அம்மா தினமும் அழுவுறாங்க.

டெல்டாக்காரன்:
எங்க வீட்லயும் இதே கதை தான் தங்கச்சி, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும். பெரியம்மா 82ல சத்துணவு ஆரம்பிச்சப்பவே வேலைக்கு சேந்தவங்க. ஒரு பொங்கலுக்கு ரெண்டு பேரும் கத்திட்டு இருக்கப்ப அவங்க சொன்னாங்க, சோறு போட்டது எம்.ஜி.ஆர், 89ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு சேத்தது கலைஞர், இப்போ 2022ல காலை டிபனும் வந்துருச்சு, நீங்க சண்டை போடுங்க, தட்டுல ஒண்ணொண்ணா ஏறுனது புள்ளைங்களுக்கு தான்னு. தாத்தா உடனே காமராஜர விட்டுட்டியேன்னாரு. அன்னிக்கு தான் ரொம்ப நாள் கழிச்சு அப்பாவும் பெரியப்பாவும் ஒண்ணா சிரிச்சு பாத்தேன். மாமாகிட்ட எந்த கட்சி பெருசுன்னு போகாதீங்க, 72ல அவரு ஏன் சேந்தாருன்னு கேளுங்க, கேட்டாலே மனுஷன் எளகிடுவாரு.

மலர்2:
எல்லா இடத்துலயும் இது செல்லாதுங்க. என் சித்தப்பா என் வீட்டுக்காரரோட சாதிய சொல்லி பேசுவாரு, அங்க நான் விட்டுக்குடுக்க மாட்டேன், குடுக்கவும் கூடாது. உங்களுது அப்படி இல்லையே. இடஒதுக்கீட்டையே பாருங்க, 80ல பிற்படுத்தப்பட்டவங்களுக்கு 31 சதவீதத்த 50 ஆக்குனது எம்.ஜி.ஆர், 89ல அதுல 20 மிகவும் பிற்படுத்தப்பட்டவங்களுக்குன்னு பிரிச்சது கலைஞர், பட்டியலினத்தவங்க, பழங்குடியினர் பங்கும் சேத்து மொத்தம் 69 சதவீதத்த, கோர்ட்டுல அடிபடாம இருக்க 94ல அரசியல் சட்டத்தோட ஒன்பதாவது அட்டவணைல ஏத்த வச்சது ஜெயலலிதா. நம்ம வீட்டு புள்ளைங்க காலேஜ் சீட்டுல மூணு பேர் கையும் இருக்கு. அப்புறம் ஒண்ணு, போன்ல சொல்லாதீங்க, மொத பத்திரிகை மாமாவுக்கு, அப்பாவே தாம்பாளத்தோட போகணும்.

கேள்வி கேட்டவர்:
நேத்து போனோம். மாமா கதவ தொறந்துட்டு ஒண்ணுமே பேசல, அத்தை தான் காப்பி குடுத்தாங்க. நான் 72 பத்தி கேட்டேன். ஆரம்பத்துல ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை, அப்புறம் சட்டைக்கைய சுருட்டி, கட்சிக் கொடி பச்சை குத்துனத காமிச்சாரு, பாதி அழிஞ்சு போயிருக்கு. அப்பா தலைய குனிஞ்சுட்டே, இது குத்துன அன்னிக்கு உனக்கு காய்ச்சல் வந்து மூணு நாள் நான் தானடா மச்சான் கஞ்சி கொண்டாந்தேன்னாரு. மாமா ரொம்ப நேரம் பத்திரிகையவே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு அப்பாவ பாத்து கேட்டாரு.